இல்லாத பெட்டிக்கு ரிட்டர்ன் நோட்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற வழியில் கவசம் நகர் என்று ஒரு காலனி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டு போய்விடாதீர்கள். வாசலிலேயே உங்கள் கையில் மூன்று படிவத்தைக் கொடுத்துவிடுவார்கள். இங்கேயே சௌகரியமாக உட்கார்ந்து கேளுங்கள், போதும்.

அந்தக் காலனியில் வீடு கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே தொழிற்சாலையில், ஒரே பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலை. பிரிவு, பரிசோதனைப் பிரிவு. அவர்கள் வண்டி செய்தவர்கள் இல்லை. மற்றவர்கள் செய்து முடித்ததும் பக்கத்தில் போய் நின்று, சரியென்றால் பச்சைச் சீட்டும் தப்பென்றால் சிவப்புச் சீட்டும் கட்டியவர்கள். ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். அந்தச் சீட்டுக் கட்டைத் திருப்பி வாங்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதனால் கவசம் நகரில் வேப்பமரத்துக்குப் பச்சைச் சீட்டு. முருங்கைக்குச் சிவப்பு, காரணம்: கிளைக்குப் பலம் போதாது. பொங்கலன்று பானை பொங்கினால் உடனே யாரும் சத்தம் போட்டுவிடக் கூடாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு பன்னிரண்டு. அனுமதித்த அளவுக்குள்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகுதான் பொங்கலோ பொங்கல். வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு எண் உண்டு. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அது வராது. பதிவேட்டில் வந்ததாக இருக்கும்.

இவர்களுக்கு நடுவே எத்திராஜ் என்று ஒருவன் குடியிருந்தான். அந்த ஊர்க்காரன். மனை பிரித்தபோது நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஆளுக்கொரு மனை என்று பேசியதில் கிடைத்த இடம். கால் டாக்சி ஓட்டுகிறான். பத்து வருஷத்து வெள்ளைக் கார், டிக்கியில் கேஸ் சிலிண்டர். மனைவி நாகம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவள். அந்தப் பிரஸ் தகட்டோடு சேர்த்து அவள் காதையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துக்கொண்டது.

காது டாக்டர் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு பாதி தூரம் சமமாக வந்து, அப்புறம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. "கொலுசு, குக்கர் விசில், டிவி சீரியல்ல மாமியார் கத்துறது, இதெல்லாம் போயிடுச்சும்மா. இடி, லாரி, தவில் இதெல்லாம் இருக்கு" என்றார். காதில் வைக்கிற மிஷின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மறுபடி பிரஸ் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் கழற்றி வைத்துவிட்டாள். பேச்சுக்கு அவளுக்குக் காது வேண்டியதில்லை. அந்தப் பட்டறையில் வேலை செய்த பெண்களெல்லாம் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்தே மாமியார், நாத்தனார், மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் பேசி முடித்தவர்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தாலும் நாகம்மாள் படித்துவிடுவாள்.

பாட்டுக்கு உதடு கிடையாதே. அதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எத்திராஜ் அவளை ஏற்றிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை போய் வருவான். பாட்டுப் போடுவான். ஒரு ஞாயிறு அவள் கேட்டாள், "பாட்டு ஓடுதாய்யா?"

"ஓடுதே."

"சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த "சரி" எத்திராஜை மறுநாள் காலையில் அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் கார் ஸ்பீக்கர் மாட்டுகிற அசோக்கின் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

"மச்சான், அவளுக்கு தவில் கேக்கணும். வேற இன்னாவும் வாணாம்."

"பேஸ், அந்த அடிச்சத்தம் வோணும்னா சப்ஊஃபர் பெட்டி வெக்கணும் மாமே. டிக்கிய தொற." திறந்தான். சிலிண்டர் முழு நீளத்துக்கும் படுத்திருந்தது. "தோ, இந்தப் பெரிய மனுசன் பட்த்துகினு கீறாரு. பெட்டிய எங்க வெக்கிறது? உன் தலைமேலயா?"

"எங்க காலனில பெட்டி வெக்கவும் கூடாதுடா. ரூல் கீது."

"அப்ப பெட்டி இல்லாமத்தான் வரவெக்கணும். நவுரு."

அசோக் இரண்டு கதவின் உள்பலகையையும் கழற்றினான். ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து இடது ஸ்பீக்கர் ஒயரில் தொட்டான். ஸ்பீக்கரின் வயிறு முன்னால் வந்தது. வலது ஸ்பீக்கரில் அதே மாதிரித் தொட்டான். வயிறு உள்ளே போனது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"எவன் மாமே இத மாட்னது? இதுல ஒயர மாத்திக் குட்த்துகீறான். ஒண்ணு வெளிய தள்ளுது, இன்னொண்ணு உள்ள இஸ்துக்குது. பத்து வருசமா ரெண்டும் உன் வண்டிக்குள்ள சண்ட போட்டுகினு கீது. பேஸு எங்கேந்து வரும்?"

ஒயரை மாற்றினான். கதவுத் தகட்டில் இருந்த ஓட்டைகளையெல்லாம், ஒரு பக்கம் வெள்ளிக் காகிதமும் மறுபக்கம் தார் மாதிரிப் பிசினும் இருக்கிற தாளை வெட்டி ஒட்டி அடைத்தான். ஸ்பீக்கரைச் சுற்றி நுரை வளையம் வைத்தான். ஆடிக்கொண்டிருந்த உள்பலகையை இறுக்கினான். எத்திராஜ் முழுசாக ஏற்றி வைத்திருந்த பேஸ் அளவைப் பாதிக்கு இறக்கினான். "இத்த ஏத்துனா கதவுதான் கத்தும், தவில் கத்தாது" என்றான். வேலை முடிந்து கதவைச் சாத்தியபோது, பழைய "டங்" போய் "டொப்" என்று பெரிய கார் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அடுத்த ஞாயிறு நாகம்மாள் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் சாய்ந்து முழங்கையைக் கதவில் வைத்திருந்தாள். ஒரு கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. குன்றத்தூர் ரோடு திரும்பியதும் முழங்கையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். அப்புறம் உள்ளங்கையை வைத்தாள்.

"யோவ். தவில்காரன் வந்துட்டான்யா!"

கரைவரைக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். எத்திராஜ் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி அரை மைல் போய்விட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான். கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்டிருந்த வண்டியில் எங்கேயிருந்து தூசி வரும், நீங்களே சொல்லுங்கள்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வீடு திரும்பும்போது வண்டி சங்க அலுவலகத்தைத் தாண்ட வேண்டும். உள்ளே செயலாளர் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருப்பார். அவர் மேஜையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அன்றைக்கு ஐந்து நாற்பதுக்கு மூடி "கிணி கிணி" என்றது. அவர் அதைக் குறித்து வைத்தார். மறு ஞாயிறும் ஐந்து நாற்பதுக்குக் குறித்தார். மூன்றாவது ஞாயிறு குறித்த பிறகு எத்திராஜுக்குக் கடிதம் வந்தது.

"தங்கள் வாகனத்தில் விதி 14 (ஆ)-வுக்கு மாறாகக் கூடுதல் ஒலிப்பெட்டி (சப்ஊஃபர்) பொருத்தப்பட்டிருப்பது டம்ளர் மூலம் அறியப்படுகிறது. அதை அகற்றி அதற்கான சான்று அளிக்க வேண்டும். தவறினால் வாகனம் கதவு முதல் டிக்கி வரை பிரிக்கப்பட்டு ஒலி பழைய நிலைக்குக் கொண்டுவரப்படும். அதுவரை நுழைவு ஸ்டிக்கர் புதுப்பிக்கப்பட மாட்டாது."

எத்திராஜ் "பழைய நிலைக்கு" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தான். வண்டி ரோட்டில் நிற்கட்டும், அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. ஆனால் கதவைப் பிரித்தால் அவளுக்குத் தவில் போய்விடும்.

சோதனை சனிக்கிழமை காலை சங்க அலுவலக வாசலில் நடந்தது. செயலாளர் வந்தார், தலைவர் பக்தவத்சலம் வந்தார், வாசல் காவல் உத்தமன் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தான். டிக்கியைத் திறந்தார்கள்.

"மிஸ்டர் எத்திராஜ், இது என்ன?" என்றார் செயலாளர்.

"கேஸ் சிலிண்டர் சார்."

"உருளை வடிவத்திலும் சப்ஊஃபர் வருகிறது. படித்திருக்கிறேன்." விரலை மடக்கி அதைத் தட்டினார்.

"சார் சார், தட்டாதீங்க, ஃபுல்லா கீது!"

இரண்டு பேரும் பத்தடி பின்னால் போய் நின்று மீதிச் சோதனையை அங்கிருந்தே முடித்தார்கள்.

அடுத்து, சப்ஊஃபர் அளவுக்கு வெட்டிய ஓர் அட்டையைச் செயலாளர் எடுத்து உத்தமன் கையில் கொடுத்து அனுப்பினார். தொழிற்சாலையில் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவுத் துண்டு வைத்திருப்பார்களாம். துண்டு நுழைந்தால் துளை சரி. அதே முறைதான். அந்த அட்டை எங்கெல்லாம் நுழைகிறதோ அங்கெல்லாம் சப்ஊஃபர் இருக்க முடியும். அட்டை சீட்டுக்கு அடியில் நுழையவில்லை. சிலிண்டருக்குப் பின்னால் நுழையவில்லை. ஜன்னல் வழியாக நுழைந்தது. "ஜன்னல், வாய்ப்பு உண்டு" என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஜன்னலில் எத்திராஜும் நுழைவான் என்பதால் அவனையும் ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அப்புறம் அவன் ஒயர் மாற்றின கதையைச் சொன்னான். ஓட்டை அடைத்ததைச் சொன்னான். பென்சில் பேட்டரியையும் காட்டினான்.

தலைவர் சிரித்தார். "தம்பி, நான் கோயமுத்தூர்ல எலெக்ட்ரிகல் டிப்ளமா படிச்சவனுங்க. பொருள் இல்லாம பலன் வருமுங்களா? பேஸ் இருக்குதுன்னா பெட்டி இருக்குதுன்னு அர்த்தமுங்க."

"பெட்டி இல்லையே சார், நீங்களே பாத்தீங்களே!"

"பெட்டி இருக்கிறது. பார்வைக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு" என்றார் செயலாளர்.

கூடிப் பேசி முடிவு சொல்கிறோம் என்று இருவரும் அலுவலகத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே காரில் நாகம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பேசிக்கிறாங்க?" என்று எத்திராஜ் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

அவள் கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். "ஒயரு மாத்துனா பேஸு வருமான்னு செகரட்டரி சார் கேக்குறாரு. தெரியாதுன்றாரு தலைவரு. தெரியாதுன்னு எய்திட்டா நம்ம மருவாதி இன்னா ஆவறதுன்றாரு செகரட்டரி. இப்ப போண்டா ஆறுதுன்றாரு."

போண்டா முடிந்ததும் கூப்பிட்டார்கள். செயலாளர் எழுந்து நின்று பேசினார். எதிரில் எத்திராஜ் ஒருத்தன்தான் இருந்தான், இருந்தாலும் எழுந்துதான் பேசினார்.

"மிஸ்டர் எத்திராஜ். முப்பத்து நாலு வருஷம் பரிசோதனையில் இருந்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போனதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு அந்த போல்ட் எதற்காவது பொருந்தியதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் ஒழுங்கு. நீங்கள் சப்ஊஃபர் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இல்லாத பொருளின் மேல் நான் சீட்டை எங்கே கட்டுவது? கையெழுத்தை எங்கே போடுவது? உங்களிடம் ஒரு பொருள் இல்லை என்பதற்கு எங்கள் முறையில் ஒரே ஒரு சான்றுதான் உண்டு. அது உங்களிடம் இருந்தது, அதைச் சங்கத்தின் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்கிற ரிட்டர்ன் நோட்."

"இல்லாதத்த எப்டி சார் திருப்பிக் குடுக்கறது?"

"அது உங்கள் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்."

எத்திராஜ் நேராக அசோக்கிடம் போனான். அசோக் முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரித்தான். அப்புறம் ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து, ஆம்ப்ளிஃபயரும் கூடவே இருக்கிற பழைய பெட்டி ஒன்றை இறக்கினான். யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. தூசி தட்டினால் கறுப்பு.

"எட்த்துகினு போ மாமே. இது செத்துப் போச்சி. குட்க்கறதுக்கு எது இருந்தா இன்னா?"

டிக்கியில் இடம் இல்லை. பெட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டான். நாகம்மாள் பின்னால் உட்கார்ந்து, "எனக்கு இவ்ளோ மருவாதியா பெல்ட் போட்டு வுட்டதில்லயே நீ" என்றாள். வண்டி கேட்டுக்கு வந்ததும் உத்தமன் எட்டிப் பார்த்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அப்பாடா, இப்பதாண்ணாத்தே எல்லாம் கரெக்டா கீது" என்று சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிட்டான்.

தலைவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒயரைச் சொருகினார். சத்தம் வரவில்லை.

"இது வேலை செய்யலீங்களே தம்பி."

"ஆமா சார். செத்துப் போச்சி."

"பழுதான பொருளை ஸ்டோர் ஏத்துக்காதுங்க. நல்ல நிலையில குடுக்கோணும். இப்படியே வாங்குனா, பழுதாக்குனது ஸ்டோர்தானுன்னு நாளைக்கு எங்க மேலயே வருமுங்க."

அப்படியாக எத்திராஜ், தன்னிடம் என்றைக்குமே இல்லாத சப்ஊஃபரை ஒழித்துக் கட்டுவதற்காக, அதை மறுபடி அம்பத்தூருக்குக் கொண்டுபோய் அசோக்கிடம் ரிப்பேருக்குக் கொடுத்தான். அசோக் ஸ்பீக்கர் வயிற்றில் கிழிந்திருந்த காகிதத்தை மாற்றினான், உள்ளே எரிந்த பாகத்தை மாற்றினான். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி உயிரோடு வந்தது. சொருகினார்கள். "டும்" என்றது. செயலாளர் முகத்தில், பிறந்த குழந்தையைப் பார்த்ததுபோல் ஒரு நிம்மதி. பச்சைச் சீட்டைக் கட்டினார். நான்கு பிரதியில் ரிட்டர்ன் நோட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்தைக் கொஞ்சம் எட்ட வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"இறுதிச் சோதனை மட்டும் பாக்கி. வண்டியில் பாட்டைப் போடுங்கள்."

இதை எத்திராஜ் யோசிக்கவே இல்லை. பெட்டி போனாலும் வண்டி அதே வண்டிதானே. பாட்டைச் சின்னதாக வைத்தான். "சாதாரணமாக வைப்பது போல" என்றார் செயலாளர். நாகம்மாள் கதவில் கையை வைத்துக்கொண்டு அவர்கள் உதடுகளையே பார்த்தாள். அவன் பாட்டை ஏற்றினான்.

தவில் இறங்கியது. கதவு அதிர்ந்தது. அலுவலகத்துக்குள் மேஜைமேல் மூடி "கிணி கிணி கிணி" என்றது.

எல்லோரும் அந்த மூடியைப் பார்த்தார்கள். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கையிலிருந்த ரிட்டர்ன் நோட்டைப் பார்த்தார். அதில் அவருடைய கையெழுத்து இன்னும் ஈரமாக இருந்தது. அந்தக் கையெழுத்து தப்பு என்று சொல்ல, முப்பத்து நாலு வருஷத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை. அவருக்கே வரவில்லை.

"பேஸ் ஸ்டோரில் இருக்கிறது" என்றார் மெதுவாக. "பச்சைச் சீட்டுடன் இருக்கிறது. ஆகவே இது பேஸ் அல்ல."

"அப்ப இது என்னங்க?" என்றார் தலைவர்.

"கதவு அதிர்வு. அனுமதித்த அளவுக்குள்."

தலைவர் எழுதிக்கொண்டார். உத்தமன் ஸ்டிக்கரைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டினான். கோணலாக ஒட்டியதற்கு அவனுக்குச் சிவப்புச் சீட்டு கிடைத்தது. நாகம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரொம்ப டாங்ஸ் சார்!" என்றாள். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சத்தத்திலும் மூடி ஒருதரம் ஆடியது, அதை யாரும் குறிக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும், செல்லங்களா. ஆனால் ஸ்டோரில் ஒரு பொருள் சும்மா இருக்கக் கூடாதே. சங்கத்தின் வருடாந்திரப் பொதுக்கூட்டம் வந்தது. ஷாமியானா போட்டார்கள். மேடையில் வழக்கமாக வைக்கிற இரண்டு நீள ஸ்பீக்கர்களைப் போன வருஷம் செயலாளரே சோதித்து, "உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்" என்று சிவப்புச் சீட்டுக் கட்டியிருந்தார். சங்கத்தில் பச்சைச் சீட்டோடு ஒலி தரக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தூக்கி மேடையில் வைத்து, மைக்கை அதில் சொருகினார்கள்.

செயலாளர் மைக் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

"டும்" என்றது பெட்டி. "டுடும். டும் டும். டுடுடும்."

அவர் குரல் ஏற்கெனவே சன்னம். தோரணம், மின்விசிறி, தெருவில் போகிற பஸ் எல்லாவற்றையும் தாண்டி அவர் வாயிலிருந்து நேராக ஒன்றும் வந்து சேரவில்லை. பெட்டியிலிருந்துதான் வந்தது, அதுவும் "டும்" என்று. முதல் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சைச் சீட்டுக் கட்டிய பொருளை ஒலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினார்கள். தலைவர் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினார். ஷாமியானாவின் கம்பிகூட லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி வரிசையில் நின்றிருந்த உத்தமன் குனிந்து எத்திராஜிடம் கேட்டான், "இன்னாண்ணாத்தே சொல்றாரு?"

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்று எத்திராஜ் பக்கத்தில் பார்த்தான்.

நாகம்மாள் மேடையையே பார்த்துக்கொண்டு சிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் பேச்சு முழுசும் போய்ச் சேர்ந்தது அவளுக்கு மட்டும்தான். அவளுக்கு எப்போதும் இப்படித்தானே. முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, புரிந்து கேட்கிற அந்த ஒரே முகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் வெட்கத்தை விட்டுவிட்டு, "என்னம்மா சொல்றார்?" என்று உதட்டை அசைத்தார்.

நாகம்மாள் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"நம்ம காலனில இப்ப சப்ஊஃபர் ஒண்ணுகூட இல்லியாம்! மொத்தமா ஒய்ச்சுக் கட்டிட்டாங்களாம்! அதுக்கு எல்லாரும் கை தட்டணும்ன்றாரு!"

எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் கைகூப்பினார்.

"டும்" என்றது பெட்டி.

"நன்றின்றாரு" என்றாள் நாகம்மாள்.